தேவாங்கும் திக்கி நின்ற காளைகளும்

ஒரு காட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அந்த ஒன்றே அதிகம் என்பது இந்தக் கதை சொல்கிறவனின் கருத்து. ஆனால் காட்டில் யாரும் கதை சொல்கிறவனைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை.

தவளைகளைப் பற்றி ஆராய வந்த யாரோ அட்டைக்கடி தாங்காமல் ஓடியபோது, கூடாரத்தையும் சூரியத் தகட்டையும் கம்ப்யூட்டரையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். புலி ராஜா அதைத் தன் குகைக்குக் கொண்டுவரச் செய்து ஒரு சட்டமும் போட்டது. இனிமேல் காட்டில் வாய்ச்சண்டை, வாய்க்கால் சண்டை எது வந்தாலும் பல்லும் நகமும் கூடாது. வழக்காளிகள் இருவரும் கம்ப்யூட்டரில் விளையாட வேண்டும். ஜெயித்தவர் பக்கம் நியாயம். விளையாட்டுக்கும் நியாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மான் எழுந்து கேட்டது. அதன்பிறகு அந்த மானை யாரும் பார்க்கவில்லை.

முதலில் பரமபதம்தான் விளையாடினார்கள். தங்கள் இனத்தை இழிவுபடுத்துவதாகச் சொல்லிப் பாம்புகள் கொடி பிடித்ததால் அதை நிறுத்தவேண்டி வந்தது. அதற்குப் பதிலாகப் புலி ராஜா எங்கிருந்தோ ஒரு ரேக்ளாப் பந்தய விளையாட்டைப் பிடித்துவந்தது. இரண்டு காளை, ஒரு வண்டி, தென்னந்தோப்பு, ஓடை, திருவிழாத் தெரு என்று வழி போகும். ஒருவர் ஓட்டி முடித்தபின் மற்றவர் ஓட்ட வேண்டும். யாருடைய காளைகள் சீக்கிரம் எல்லையைத் தொடுகின்றனவோ அவருக்குத் தீர்ப்பு.

இதில் ஒரு சிக்கல். அந்த விளையாட்டு நகரத்துக் கம்ப்யூட்டர்களுக்காகச் செய்தது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற நகரத்து சிஸ்டத்தைக் காட்டிலும் போடலாம் என்றால் அது போன் நம்பர் கேட்டது, பின்கோடு கேட்டது, பிறந்த தேதி கேட்டது. காட்டில் யாருக்கும் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே காட்டுக் கம்ப்யூட்டரில் எதுவும் கேட்காத இலவச சிஸ்டம்தான் ஓடியது. நகரத்து விளையாட்டு பேசுவது அதற்குப் புரியாது. அதனால் நடுவில் ஒரு மென்பொருளைப் போட்டார்கள். விளையாட்டு சொல்வதை வாங்கி, காட்டு சிஸ்டத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது அதன் வேலை. எல்லோரும் அதைத் துபாஷி என்று அழைத்தார்கள்.

இப்படிப்பட்ட காட்டில்தான் அஞ்சனம் என்ற தேவாங்கு குடியிருந்தது. கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கருவளையம் இருந்ததால் அந்தப் பெயர். அது ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இரட்டைக் குட்டிகள். பழைய வேங்கைமரப் பொந்து ஒன்று அதன் வீடு. வானமே கிழிந்து கொட்டினாலும் உள்ளே ஒரு சொட்டு விழாது. அடைமழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து மாசானம் என்ற மரநாய் வந்து பொந்தின் வாசலில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

“தங்கச்சி, இது எங்க சித்தப்பா படுத்த பொந்து. காலி பண்ணிக் குடுத்துடு.”

“உங்க சித்தப்பாவா? எப்பண்ணே படுத்தாரு?”

“ஒரு தடவை. மத்தியானம் சாப்பிட்டுட்டு.”

அஞ்சனம் பொந்தை விட்டு நகரவில்லை. விஷயம் புலி ராஜாவிடம் போனது. புது ரேக்ளாவில் முதல் வழக்கு இதுதான் என்பதால் ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த அமாவாசைக்குப் பந்தயம் என்றும், அதுவரை வழக்காளிகள் சாயங்கால வேளைகளில் பழகிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டது.

“பழகுறதா? ரேக்ளா எங்க ரத்தத்துலயே இருக்கு,” என்று மாசானம் பழம் தின்னப் போய்விட்டது. அஞ்சனம் மட்டும் குட்டிகளைச் சுமந்துகொண்டு குகைக்குப் போயிற்று.

வண்டியைக் கிளப்பினால் காளைகள் நன்றாகத்தான் ஓடின. தென்னந்தோப்பு வந்ததும் முன்னங்காலைத் தூக்கியவை தூக்கியபடியே நின்றன. படம் அசையவில்லை. அஞ்சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. படம் மறுபடி அசைந்தபோது காளைகள் வேலிக்கு அந்தப்பக்கம் கிடந்தன. எழுப்பி ஓட்டினால் ஓடையில் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் மறுபடி நின்றன. திருவிழாத் தெருவில் தேரைக் கண்டதும் நின்றன. பாசிமணி விற்கும் மணிக் கடை ஒன்றைப் பார்த்துக்கூட நின்றன. கடையில் ஏதோ வாங்கப் போகிற மாதிரி அப்படி ஒரு நிற்பு. இப்படி ஓட்டினால் பொந்து போய்விடும், குட்டிகள் மழையில் நனைந்து செத்துப்போகும் என்று அஞ்சனம் குட்டிகளை இறுக்கி அணைத்துக்கொண்டது.

மறுநாள் அது குளக்கரைக்குப் போயிற்று. காட்டில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் குளக்கரையில்தான் கேட்பது வழக்கம். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எல்லோரும் பதில் சொல்வார்கள். தெரியாதவர்கள் சற்று உரக்கச் சொல்வார்கள்.

“காளை திக்கித் திக்கி நிக்குது. என்ன செய்யலாம்?” என்று கேட்டது அஞ்சனம்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடு,” என்றார் கரடியார். கரடியார் எந்த நோய்க்கும் இந்த ஒரே மருந்தைத்தான் சொல்வார். அவர் மாப்பிள்ளைக்கு மூட்டுவலி வந்தபோதும் இதையேதான் சொன்னார்.

“படத்தைச் சின்னதாக்கு,” என்றது காட்டுப்பன்றி.

“துபாஷியோட புதுப் பதிப்பைப் போட்டுப் பாரு,” என்றது நரி. பிறகு கொஞ்சம் யோசித்து, “சரியா வரலேன்னா பழைய பதிப்பைப் போடு,” என்றும் சேர்த்துக்கொண்டது. எப்படியும் இரண்டில் ஒன்று பலிக்கும், பேர் தனக்கு வரும் என்பது அதன் கணக்கு.

“என் வீட்டுல நல்லாத்தான் ஓடுது,” என்றது ஆமை. ஆமையின் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆமைக்கு வீடே அதன் முதுகுதான்.

“பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ரேக்ளா? கோலம் பழகலாமே,” என்றது மயில்.

கடைசியில் ஒரு கொக்கு தலையைத் தூக்கி ஒரு செய்தி சொன்னது. போன பனிக்காலத்தில் வலசை வந்த நாரை ஒன்று தன் ஊரிலும் இதே தொல்லை என்று இதே குளக்கரையில் புலம்பியதாம். அஞ்சனத்துக்கு உயிர் வந்தது.

“அப்புறம்? எப்படிச் சரி பண்ணிச்சு?”

“ரெண்டு நாள் கழிச்சு வந்து, ‘கண்டுபிடிச்சிட்டேன், எல்லாருக்கும் நன்றி’ன்னு சொல்லிட்டுப் பறந்து போயிடுச்சு.”

“என்ன கண்டுபிடிச்சுதுன்னு சொல்லலையா?”

“சொல்லலை.”

அந்த நாரை இப்போது சைபீரியாவில் இருக்கிறது. இந்தக் கதையில் வருகிற எல்லோரையும் மன்னித்துவிடலாம், அந்த நாரையை மட்டும் மன்னிக்க முடியாது.

குளக்கரையில் சொன்ன எல்லாவற்றையும் அஞ்சனம் செய்து பார்த்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டது. காளைகள் நின்றன. துபாஷியின் புதுப் பதிப்பைப் போட்டது. நின்றன. பழையதைப் போட்டபோது பழைய பதிப்புக்குத் தகுந்த நிதானத்தோடு நின்றன. படத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போனதில் காளைகள் எறும்பளவு ஆகிவிட்டன. தேவாங்குக்குக் கண் பெரிது, ஆகவே எறும்பளவுக் காளைகள் தென்னந்தோப்பில் காலைத் தூக்கியபடி நிற்பதை அது தெளிவாகவே பார்த்தது.

இதற்கு நடுவில் மலையணில் பொன்னம்பலத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். குகையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அதனுடையது. அதைவிடச் சுத்தக்காரர் அந்த மலையிலேயே கிடையாது. யார் விளையாடி எழுந்தாலும் தன் பெரிய வாலால் வெளியே ஒரு துடைப்பு துடைக்கும். பிறகு உள்ளேயும் துடைக்கும். உள்ளே என்றால், ரேக்ளா ஓடி முடிந்ததும் ஏதோ சின்னச் சின்னக் கோப்புகள் குவிந்திருப்பதை அது கவனித்திருந்தது. அவற்றை ஒன்று விடாமல் வாரிக் கொட்டிவிடும்.

“என்ன மாமா அது?” என்று ஒருநாள் அஞ்சனம் கேட்டது.

“சாணி,” என்றது பொன்னம்பலம்.

“சாணியா?”

“காளை ஓடினா சாணி போடாதா? தினமும் நான் அள்ளலேன்னா இந்தக் குகையில நிக்க முடியுமா?”

அஞ்சனத்துக்கும் அது சரியாகவே பட்டது.

அமாவாசை நெருங்கும் சமயத்தில் பொன்னம்பலம் பக்கத்துக் காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிற்று. அன்றைக்கு அஞ்சனம் விளையாடி எழுந்தபோது துடைக்க ஆள் இல்லை. மறுநாள் சாயங்காலம் நம்பிக்கையே இல்லாமல் வண்டியைக் கிளப்பியது. தென்னந்தோப்பு வந்தது. காளைகள் நிற்கவில்லை. ஓடை வந்தது, தண்ணீர் தெறித்தது, நிற்கவில்லை. மணிக் கடையை ஏறெடுத்தும் பார்க்காமல், தேரைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து எல்லையைத் தொட்டன. அஞ்சனத்துக்கு அழுகையே வந்துவிட்டது. குட்டிகளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தது.

செய்தி பரவியதும் குளக்கரையில் வாழ்த்து குவிந்தது. தன் மருந்துதான் வேலை செய்தது என்றார் கரடியார். படத்தைச் சின்னதாக்கியதால்தான் என்றது காட்டுப்பன்றி. புதுப் பதிப்பா பழைய பதிப்பா என்று கேட்காமலே நரி நன்றியை வாங்கிக்கொண்டது. ஆமை மட்டும், “நான்தான் அப்பவே சொன்னேனே, நல்லாத்தான் ஓடுதுன்னு,” என்றது.

கல்யாணம் முடிந்து பொன்னம்பலம் தாம்பூலப் பையோடு திரும்பி வந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல், “ஐயையோ, ரெண்டு நாள் சாணி!” என்று அலறி அத்தனையையும் வாரிக் கொட்டியது. அஞ்சனம் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியது. முதல் தென்னைமரத்தில் காளைகள் நின்றன.

தேவாங்கு எதையும் அவசரமாகச் செய்யாது. கோபப்படுவதற்குக்கூட அதற்கு நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் அது பார்த்துக்கொண்டே இருந்தது. முதல் தென்னைமரத்தில் நின்ற காளைகள் இரண்டாவது தென்னைமரத்தில் நிற்கவில்லை. முதல் தண்ணீர்த் தெறிப்பில் நின்றவை அடுத்த தெறிப்பில் நிற்கவில்லை. புதிதாக ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் துபாஷிக்கு அதை மாற்றிச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. ஒருமுறை மாற்றியதை ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை சிரமம் இல்லை. எடுத்து வைத்ததைத்தான் பொன்னம்பலம் தினமும் வாரிக் கொட்டுகிறது!

“மாமா, அது சாணி இல்ல. மாவு!” என்று கத்தியது அஞ்சனம்.

“என்னது?”

“தோசைக்கு மாவு அரைச்சு வச்சா அடுத்தடுத்து ஊத்திக்கிட்டே இருக்கலாம்ல? நீங்க ஒவ்வொரு தோசைக்கும் மாவைக் கொட்டிட்டு மறுபடி அரிசியை ஊறப்போடச் சொல்றீங்க.”

காட்டில் தோசை ஏது என்று கேட்காதீர்கள். பேசுகிற தேவாங்கை ஒத்துக்கொண்டவர்கள் ஒரு தோசையை ஒத்துக்கொள்ளக் கூடாதா?

பொன்னம்பலத்தின் முகம் சுருங்கிவிட்டது. “எத்தனை காலமா இந்தப் பொட்டியைக் கண்ணுமாதிரி பாத்துக்கிறேன். என்னைப் பாத்துக் குப்பையை வச்சுக்கோங்கிறியே, நல்லாருக்கா?” என்று வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தது. அன்று முதல் முன்னைவிட அழுத்தித் துடைத்தது.

அஞ்சனம் புலி ராஜாவிடம் போய் முறையிட்டது. ராஜா பாதிக் கொட்டாவியில் இருந்தது. “பந்தயத்தன்னிக்குப் பொட்டி உள்ளயும் வெளியவும் பளிச்சுனு இருக்கணும். சாணியோட நியாயம் பேசினா ஊர் சிரிக்கும். போ,” என்றது. அதன் பற்களைப் பார்த்ததும் அஞ்சனத்துக்கு அந்த மானின் ஞாபகம் வந்தது. அஞ்சனம் கிளம்பிவிட்டது.

சரி, எதிராளியிடமாவது உண்மையைச் சொல்வோம், இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் நடக்கும் என்று மாசானத்தைத் தேடிப் போய் முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் விளக்கியது. மாசானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“தோத்துடுவோம்னு பயம் வந்துட்டா எதையாவது சொல்லத்தான் தோணும் தங்கச்சி. மாவாம், சாணியாம்!”

அஞ்சனம் திரும்பி வந்தது. உண்மையை இதற்குமேல் யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது என்று அதற்குத் தெரியவில்லை.

அமாவாசையன்று குகை வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். பொன்னம்பலம் கம்ப்யூட்டரை உள்ளும் புறமும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டியது. இனி முதலில் உட்கார்வது யார் என்ற கேள்வி. அந்தக் காட்டில் முதலில் உட்கார்கிறவருக்குத்தான் மாலை, பரிவட்டம் எல்லாம். இதற்காக வெட்டுக்குத்து வரை போனதுண்டு. பரமபதக் காலத்தில் இரண்டு கீரிகள் யார் முதலில் என்று சண்டை போட்டு, அதையே தனி வழக்காக ஆக்கி, அந்த வழக்கில் யார் முதலில் உட்கார்வது என்று மறுபடி சண்டை போட்டு, கடைசியில் எதற்காக வந்தோம் என்பதே மறந்து ஊர் போய்ச் சேர்ந்தன. ஆகவே கூட்டம் முழுக்க அஞ்சனத்தையும் மாசானத்தையும் மாறி மாறிப் பார்த்தது. மாசானம் நகத்தைத் தீட்டிக்கொண்டு நின்றது.

அஞ்சனம் மாலையைப் பார்த்தது. துடைத்து வைத்த பெட்டியைப் பார்த்தது. துபாஷி இன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றிச் சொல்லவேண்டும். அந்தக் கஷ்டம் முதலில் உட்கார்கிறவருக்கு. அவர் அரைத்து வைத்த மாவில் அடுத்தவர் தோசை ஊற்றுவார்.

தேவாங்கு மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு கைகளையும் குவித்தது.

“அண்ணன் இருக்கும்போது நான் முன்னால உக்காரலாமா? அண்ணனே முதல்ல ஆடட்டும். மாலை அண்ணனுக்குத்தான் பொருத்தம்.”

கூட்டம் உருகிவிட்டது. “என்ன பணிவு! என்ன வளர்ப்பு!” என்று காட்டுப்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது. மாசானமே ஒரு கணம் தடுமாறி, “நீ நல்ல பொண்ணு. தோத்தாலும் வாசல்ல படுத்துக்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்,” என்றது. மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது.

காளைகள் முதல் தென்னைமரத்தில் நின்றன. மாசானம் எல்லாப் பொத்தான்களையும் மாற்றி மாற்றி அமுக்கியது. படம் அசைந்தபோது வண்டி வேலிக்கு அந்தப்பக்கம் கிடந்தது. ஓடையில் நின்றது. மணிக் கடையில் நின்றது. “ஓடு! ஓடு! உங்கப்பன் வீட்டுக் கடையா?” என்று மாசானம் பெட்டியை அறைந்தது. தேர் நிற்கும் முச்சந்திக்கு முன்னால் வண்டி தடம் புரண்டு, ஒரு சந்துக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு எப்படியோ எல்லையைத் தொட்டது. கூட்டம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமியது.

அஞ்சனம் எழுந்தது. அப்போது கரடியார் குரல் கொடுத்தார்: “காளைக்குக் கண்ணு பட்டிருக்கு. அணிலு, எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடு!”

அழித்தால் மாசானம் அரைத்து வைத்த மாவும் போய்விடும். பொன்னம்பலம் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. பெட்டியருகே குனிந்தது. நெற்றியைச் சுருக்கியது.

“சூடம் காட்டின பொட்டியை இன்னிக்கு மறுபடி துடைச்சா சந்தனம் அழிஞ்சிடும் கரடியாரே. சாமி குத்தம்,” என்று வாலை இறக்கிக்கொண்டது.

அஞ்சனம் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியது. தோப்பு பறந்தது. ஓடை பறந்தது. மணிக் கடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முச்சந்தி வந்தது, தேர் எதிரே எழுந்தது. மாசானம் சந்துக்குள் புகுந்துவிட்டதால் அந்தத் தேரைத் துபாஷி இன்று பார்க்கவே இல்லை. காளைகள் காலைத் தூக்கியபடி நின்றன.

கூட்டம் ‘ஐயோ’ என்றது. வேறு யாராக இருந்தாலும் கை பதறி எதையாவது அமுக்கியிருப்பார்கள். ஆனால் அசையாமல் இருப்பது தேவாங்குக்குப் பிறவியிலேயே வந்தது. விரலை வைத்த இடத்தில் வைத்தபடி, இமைக்காமல், அஞ்சனம் உட்கார்ந்திருந்தது. படம் அசைந்தது. காளைகள் தூக்கிய காலை நேராகத் தெருவிலேயே வைத்தன. எல்லையைத் தொட்டபோது மாசானம் எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

புலி ராஜா எழுந்து நின்று தீர்ப்பு சொன்னது. பொந்து அஞ்சனத்துக்கே. பணிந்தவருக்குக் காளையும் பணியும் என்பது இன்று நிரூபணமாகிவிட்டது, குடிமக்கள் எல்லோரும் அஞ்சனத்தைப் பார்த்துப் பணிவைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. மாசானம் மாலையோடு தலை குனிந்து போயிற்று. அதைப் பார்க்க அஞ்சனத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. உலர்ந்த பொந்துக்குள் இரண்டு குட்டிகளும் சூடாக ஒட்டிக்கொண்டு தூங்கியதும் உறுத்தல் நின்றுவிட்டது.

அடுத்த வழக்கு ஒரு முயலுக்கும் ஒரு முள்ளம்பன்றிக்கும். பொன்னம்பலம் துடைத்து, சந்தனம் வைத்து, சூடம் காட்டி, மாலையை எடுத்தது.

“நீங்க முதல்ல,” என்றது முயல், கை குவித்து.

“ஐயோ, நீங்க இருக்கும்போது நானா?” என்றது முள்ளம்பன்றி, இன்னும் தாழக் குனிந்து.

“பெரியவங்க நீங்க.”

“பெரியவங்களுக்குப் பெரியவங்க நீங்க.”

மாலை வாடியது. இருவரும் குனிந்த நிலையிலேயே வீட்டுக்குப் போனார்கள். அதற்கடுத்த வழக்கும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். இப்போதெல்லாம் அந்தக் காட்டில் யாரும் முதலில் உட்கார்வதில்லை. கம்ப்யூட்டரில் ஒரு தூசி கிடையாது. குளக்கரையில் முதலில் யார் தண்ணீரில் வாய் வைப்பது என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் கும்பிட்டுக்கொண்டு தாகத்தோடு நிற்கிறார்கள். என் ஆட்சியில் ஒரு வழக்குகூட இல்லை என்று புலி ராஜா பக்கத்துக் காடுகளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது.

நீதி: யாராவது கைகூப்பி ‘நீங்க முதல்ல’ என்று வழிவிட்டால், அந்த வழியில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். நீங்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.